பத்து நிமிட மௌனம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மதுரை திருநகரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. என் திருமணமும் சுயமரியாதைத் திருமணம்தான். இன்றைக்கும் நான் கோயிலுக்குப் போவதில்லை. ஆனால் நான்கு வருடத்துக்கு முன்பு பத்து நாள் விபாசனா முகாமுக்கு, அதாவது பேசாமல் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கும் தியான முகாமுக்கு, போய் வந்தேன். அப்போதிருந்து தினமும் தியானம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய் உட்காருவேன். சின்ன வயதில் அப்பாதான் எங்களை அங்கே கூட்டிப்போய் செட்டிப்புடவு என்ற குகையில் இருக்கும் சமணச் சிலையைக் காட்டினார்.

என் அண்ணனும் நாத்திகர். கோயிலுக்குப் போகிற அத்தையை அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். என்னைத்தான் கேலி செய்வார். "அத்தைக்கு விவரம் தெரியாது, உனக்கு என்ன வந்துச்சு?" என்பார். போன பொங்கலுக்கு எல்லோர் முன்னாலும், "மூச்சைக் கவனிச்சா ஞானம் வரும்னா ஆஸ்துமாக்காரங்க எல்லாம் ஞானிதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "உனக்கு இன்னும் பக்குவம் வரல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு சரியான பேச்சு இல்லை.

அடுத்த மாதம் அப்பாவின் முதல் நினைவு நாள். அண்ணன் வீட்டில் படத்திறப்பு. முடிந்ததும் எல்லோரும் பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனித்து உட்காரலாமா என்று ஆள் மூலமாகக் கேட்டேன். "அப்பா பேரில் அதெல்லாம் கூடாது" என்று சொல்லியனுப்பிவிட்டார். நீங்களும் நாத்திகர் என்று எழுதியிருக்கிறீர்கள். கடவுளை விட்டவர்களுக்குள்ளேயே ஏன் இந்தச் சண்டை?

(பெயர் வேண்டாம்), மதுரை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணன் சொன்னதை வார்த்தை வார்த்தையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதை அரை வரியில் கடந்துவிட்டீர்கள். ஆனால் பேச்சு நின்றது அந்த அரை வரிக்குப் பிறகுதான். அதனால் முதலில் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

"உனக்கு இன்னும் பக்குவம் வரல" என்று என்னிடமும் பலர் சொல்லியிருக்கிறார்கள். ரெய்கி பழகிய நண்பர், சித்தர் வழி என்று ஜீவசமாதிகளைத் தேடிப் போகும் பக்கத்து வீட்டுக்காரர், கல்லூரியில் என்னோடு படித்த தோழி. எல்லோருமே அன்பானவர்கள். பரிவோடுதான் சொன்னார்கள். கேலியைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஏன் என்று யோசித்திருக்கிறேன். கேலிக்குத் திருப்பிக் கேலி செய்யலாம், கோபப்படலாம். பக்குவம் என்ற சொல்லுக்குப் பதிலே கிடையாது. மறுத்துப் பேசினால், பார், அதுதான் பக்குவமின்மை என்றாகிவிடும். உங்கள் அண்ணன் வருடக்கணக்காக யோசித்து வந்து சேர்ந்த இடத்தை, நீங்கள் ஏறி முடித்த ஏணியில் ஒரு கீழ்ப்படி என்று சொல்லிவிட்டீர்கள். அவர் உங்களைச் சிரிப்புக்கு ஆளாக்கினார். நீங்கள் அவரைச் சின்னப் பையனாக்கிவிட்டீர்கள்.

சரி, அண்ணனுக்கு வருகிறேன். அத்தையை விட்டுவிட்டு உங்களை மட்டும் ஏன் சீண்டுகிறார்? அத்தை எப்போதுமே எதிர்வீடு. நீங்கள் சொந்த வீட்டிலிருந்து வெளியேறியவர். அவர் கண்ணுக்கு அது கட்சி மாறியது போலத் தெரிகிறது. நெருங்கியவர் விலகும்போது வருகிற கசப்பு அது.

இதே கசப்பு 1889-ல் லண்டனில் இரண்டு பெரிய மனிதர்களுக்கு இடையில் வந்தது. அன்னி பெசன்ட்டை நமக்கு அடையாறு பிரம்மஞான சபை என்ற ஆன்மிக அமைப்பின் தலைவராகவும் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியவராகவும் தெரியும். அதற்கு முன்னால் பதினைந்து ஆண்டுகள் அவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாத்திகப் பேச்சாளர். சார்லஸ் பிராட்லாவின் தோழர். பிராட்லா சாதாரண ஆள் இல்லை. நாத்திகர் என்பதால், 1880 தேர்தலில் வென்ற பிறகும் நாடாளுமன்ற இருக்கைக்காக 1886 வரை போராட வேண்டியிருந்தவர். கருத்தடை பற்றிய ஒரு நூலை வெளியிட்டதற்காக 1877-ல் இருவரும் சேர்ந்தே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அப்படிப்பட்ட பெசன்ட், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூலுக்கு மதிப்புரை எழுதப் போய், அந்தச் சபையிலேயே சேர்ந்துவிட்டார். தோழரிடம் ஒரு வார்த்தை கலந்து பேசவில்லை.

பிராட்லா தன் பத்திரிகையில் எழுதினார். எனக்கு ஆழ்ந்த வருத்தம், என்னோடு கலந்து பேசாமல், துளியும் மெய்யில்லாத கற்பனையாக எனக்குத் தோன்றும் ஒன்றை அவர் உண்மை என்று ஏற்றுவிட்டார் என்றார். உண்மை என்று நம்பிய எதற்கும் அவர் தன்னையே கொடுத்துவிடுவார் என்று தெரிந்திருப்பதால் என் வருத்தம் இன்னும் பெரிது என்றார். பத்திரிகையின் கொள்கை மாறவில்லை, பிரம்மஞானத்துக்கு அது எதிரானதே என்றும் தெளிவாகச் சொன்னார். இந்தக் குறிப்பு நமக்குக் கிடைப்பதற்கு ஒரு காரணம், பெசன்ட்டே அதைத் தன் சுயசரிதையில் எடுத்துப் போட்டிருக்கிறார் என்பது. தன்னை மறுத்து எழுதியதை மறைக்காமல் தன் புத்தகத்திலேயே வைத்தார். இருவரில் ஒருவர்கூட ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அங்கே கேலியும் இல்லை, 'உனக்குப் பக்குவம் வரல' என்ற பேச்சும் இல்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கண் கலங்கும்.

1891-ல் பிராட்லா இறந்தார். லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் காந்தி அந்த இறுதிச் சடங்குக்குப் போனார். திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர், அங்கே நின்ற பாதிரியாரை மடக்குகிறார். பூமியின் சுற்றளவைச் சொல்லி, உம்முடைய கடவுளின் அளவு என்ன, எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார். நம் இருவர் இதயத்திலும் இருக்கிறார் என்கிறார் பாதிரியார். என்னைக் குழந்தை என்று நினைத்தீரா என்று கேட்டுவிட்டு, வென்றவர் போல சுற்றி இருந்தவர்களைப் பார்க்கிறார் அந்த நாத்திகர். பாதிரியார் பேசாமல் இருந்துவிட்டார். நாத்திகத்தின் மேல் தனக்கு இருந்த மனவிலக்கம் அன்றைக்கு இன்னும் கூடிவிட்டதாகக் காந்தி தன் வரலாற்றில் எழுதுகிறார். ஒரு நாத்திகரின் இறுதிச் சடங்குக்கு மரியாதையோடு வந்த ஒரு இளைஞரை இன்னொரு நாத்திகரின் வெற்றிச் சிரிப்பு தள்ளிவிட்டுவிட்டது. உங்கள் வீட்டுப் பொங்கல் கூட்டத்தில் நடந்ததும் இதுதான். அண்ணன் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் அண்ணனின் கோபத்தில் நியாயம் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதை மழுப்பினால் நான் நேர்மையாக எழுதியதாகாது. என் சித்திக்குச் சர்க்கரை நோய். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு 'சக்தி சிகிச்சை' நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார். அங்கே இருந்தவர் சாமி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆற்றல், அதிர்வு, சக்கரம் என்று படித்தவர்கள் பேச்சாகவே இருந்தது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம் என்றார்கள். எங்களுக்குத் தெரிய வந்தபோது கால் புண் முற்றிவிட்டது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை. கோயிலில் தேங்காய் உடைப்பவர்கள் யாரும் சித்தியிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை என்பதும் அப்போது மனதில் ஓடியது. மூச்சைக் கவனிக்கும் உங்களுக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் அண்ணனுக்குத் தெரியுமா? நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?

பத்து நாள் பேசாமல் உட்கார்ந்ததில் மனது லேசானது என்று நீங்கள் சொன்னால், அது உங்களுக்கு நடந்தது. நான் யார் இல்லை என்று சொல்ல? முற்பிறவி வினை கரைந்தது என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பேன். அப்படிக் கேட்பதை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் பதில் சொல்லக்கூடிய ஆளாக நினைப்பதால்தான் கேட்கிறேன். அத்தையிடம் அண்ணன் ஒன்றும் கேட்பதில்லை என்றீர்களே, அதை மரியாதை என்று நினைக்கிறீர்களா? விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட்டார். உங்களிடமாவது சண்டை போடுகிறார்.

நம்மூரில் இந்த விவாதம் நேற்று வந்ததில்லை. நீங்கள் உட்காரும் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்தவர்கள் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை என்றார்கள். ஆனால் வினையையும் மறுபிறவியையும் நம்பினார்கள், தவம் செய்தார்கள். உங்கள் அண்ணன் அவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பார், நீங்கள் எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? அதே மலையின் பேச்சிப்பள்ளத்தில் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் 'செய்வித்த திருமேனி' என்று செய்யச் சொன்னவர்களின் பெயர்கள் இருக்கின்றன. வாதத்தில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்று பெரியபுராணம் சொல்லும் கதையும் இதே மதுரையைப் பற்றியதுதான். அது வரலாறா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தோற்றவனுக்குக் கழுமரம் என்று ஒரு ஊரே கதை சொல்லி வந்திருக்கிறது என்பது என்னை உறுத்துகிறது.

மணிமேகலையில் வேறொரு வழி இருக்கிறது. வஞ்சியில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அதில் ஒருவன் பூதவாதி, அந்தக் கால நாத்திகன். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் சேர்ந்தால் மதுவில் மயக்கம் பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான். கண்ணால் காண்பது மட்டுமே சான்று, அனுமானம் செல்லாது என்கிறான். மணிமேகலை சிரிக்கிறாள். சிரித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? இதை எழுதிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகன், பௌத்தத்தைச் சார்ந்து எழுதியவர். ஆனாலும் பூதவாதியின் வாதத்தை அவர் குறைக்கவில்லை. அந்த மது உவமையைப் படிக்கும்போது, நாத்திகனான எனக்கு, ஆமாம், என் கட்சியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றுகிறது. உங்கள் தியானத்தை அண்ணன் ஒரு தடவை இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும். அவருடைய நாத்திகத்தை நீங்களும் சொல்லிப் பாருங்கள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள்.

இனி நினைவு நாள் விஷயம். இதில் நான் பாதி அண்ணன் பக்கம். அப்பா இப்போது பதில் சொல்ல முடியாது. அவர் செய்யாத ஒரு பயிற்சியை அவர் படத்துக்கு முன்னால், அவர் பெயரில், வந்தவர்கள் எல்லோரையும் செய்ய வைப்பது சரியில்லை. கண்ணை மூடு, மூச்சைக் கவனி என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆனால் மௌனம் யாருடைய சொத்தும் இல்லை. இயக்கக் கூட்டங்களிலேயே எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். அப்பாவும் எத்தனையோ தோழர்களுக்காக அப்படி நின்றிருப்பார். அதையே கேளுங்கள். பத்து நிமிடம் கிடைக்காது, இரண்டு நிமிடம் கிடைக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் மூச்சைக் கவனிக்கலாம். அண்ணன் அப்பாவை நினைத்துக்கொண்டு நிற்கலாம்.

அதற்கு முன்னால் அண்ணனுக்கு நீங்களே ஃபோன் செய்யுங்கள், ஆள் மூலம் வேண்டாம். அன்றைக்குப் பக்குவம் என்று சொன்னது தப்பு என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஆஸ்துமா கேலிக்கு அவர் வருத்தம் தெரிவிக்கிறாரா என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. அப்பா மலைக்கு 'எங்களை' கூட்டிப்போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அண்ணனும் அந்தச் சிலையை அன்றைக்குப் பார்த்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூப்பிடுங்கள். நீங்கள் உட்கார்ந்து எழும் வரைக்கும் அவர் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். இறங்கி வந்து, தாமரைக் குளத்துப் பக்கம் இருவரும் ஒரு டீ குடிக்கலாம்.

அன்புடன்.