பதிப்பு எண் பழையது, ஓட்டை அடைபட்டது

கேள்வி: எங்கள் அலுவலக சர்வரில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் இயங்குகிறது. தொலைவிலிருந்து சர்வருக்குள் லாகின் செய்ய உதவும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் 9.2-இல் ‘ரெக்ரெஷன்’ என்ற ஓட்டை இருப்பதாகவும், 9.8-க்கு மாற வேண்டும் என்றும் பாதுகாப்பு ஸ்கேனர் எச்சரிக்கிறது. தவறாமல் அப்டேட் செய்தும் 9.2 மாறவே இல்லை. டெபியன் ஏன் புதிய பதிப்பைத் தருவதில்லை? – வாசகர், கோவை

பதில்: ஸ்கேனர் பெரும்பாலும் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து மிரட்டியிருக்கிறது. நீங்கள் தவறாமல் அப்டேட் செய்பவர் என்பதால் அந்த ஓட்டை 2024 ஜூலையிலேயே அடைபட்டிருக்கும். டெபியன் ஒரு நிலைப் பதிப்பை வெளியிட்ட பிறகு அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்பைப் பொதுவாக உயர்த்துவதில்லை. அப்ஸ்ட்ரீமில், அதாவது மூலத் திட்டத்தில், செய்யப்படும் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தன் பழைய கிளையில், அதாவது தான் வைத்திருக்கும் பழைய பதிப்பில், பொருத்துகிறது. இதைத்தான் பேக்போர்ட் என்கிறோம். 9.8-ஐ அப்படியே இறக்கினால், கேட்காத மாற்றங்களும் கூடவே வந்துசேரும்.

இந்த ஓட்டையில் அந்தப் பிரித்தெடுப்பே எளிதாக இல்லை. ஒருவர் 120 விநாடிக்குள் லாகின் செய்யாவிட்டால் சர்வருக்குள் ஓர் அலாரம் சிக்னல் எழும். அதைக் கையாளும் நிரல், அந்த இடத்தில் அழைக்கவே கூடாத சிஸ்லாக்கை, அதாவது லாக் (நிகழ்வுப் பதிவு) எழுதும் செயல்பாட்டை, அழைத்ததுதான் கோளாறு. அப்ஸ்ட்ரீமில் இதற்கான தீர்வு, சர்வர் நிரலையே தனித்தனியாகப் பிரிக்கும் பெரிய வேலையின் மேல் எழுதப்பட்ட இன்னொரு பெரிய கமிட்டுக்குள், அதாவது ஒரே தொகுப்பாகச் சேர்த்த நிரல் மாற்றத்துக்குள், கலந்திருந்தது. அந்தக் கமிட்டை மட்டும் எடுத்துப் பொருத்தினால் (செர்ரி-பிக்) 9.2-இன் நிரலோடு எங்கெங்கோ முட்டிக்கொள்ளும். எனவே டெபியன், சிக்னல் வேளையில் லாக் எழுதும் அந்தச் சில வரிகளை மட்டும் முடக்கியது. என் கணக்கில் நல்ல பேக்போர்ட் என்பது இதுதான்: பேட்ச், அதாவது திருத்த நிரல், அதே வடிவில் வரவேண்டியதில்லை, கோளாறு போனால் போதும்.

பொருத்துவதற்கு முன் கோளாறு தம் கிளையில் உண்டா என்றும் பார்க்க வேண்டும். 2006-இல் ஒருமுறை அடைக்கப்பட்ட இதே ஓட்டை, 2020 அக்டோபரில் நடந்த ஒரு திருத்தத்தால் 8.5-இல் மறுபடி திறந்தது; ஆகவே டெபியன் 11-இலுள்ள 8.4-க்குப் பேட்சே தேவைப்படவில்லை. எண் சிறியது என்றால் ஆபத்து அதிகம் என்ற ஸ்கேனரின் கணக்கு இங்கே தலைகீழாகிறது.

உங்கள் சர்வரில் ஓபன்எஸ்எஸ்எச் பொதியின் முழு எண்ணைப் பாருங்கள். அதன் கடைசியில் டெப்12யு3 (deb12u3) அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருந்தால் திருத்தம் வந்துவிட்டது. மேலாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால், டெபியனின் பாதுகாப்புப் பட்டியலில் இந்த ஓட்டையின் அடையாள எண்ணான சிவிஇ-2024-6387 (CVE-2024-6387) என்று தேடி, அந்தப் பக்கத்தை ஸ்கேனர் அறிக்கையுடன் இணைத்து அனுப்புங்கள்.