பழைய சுவரைப் பார்த்திருக்க வேண்டியவர் யார்?

கேள்வி: சென்னையில் 1990களில் கட்டப்பட்ட எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் தளத்தைப் புதுப்பித்து வருகிறோம். வரைபடத்தில் ‘இரண்டு மணி நேரத் தீத்தடுப்புச் சுவர்’ என்று குறித்திருந்த சுவரில், ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தபோது பெரிய ஓட்டைகள் தெரிந்தன. ஆர்க்கிடெக்ட்டும் ஒப்பந்ததாரரும் ஒருவரையொருவர் கைகாட்டுகின்றனர். அடைக்கும் செலவு யாருடையது?

பதில்: கட்டடம் உங்களுடையது என்றால், செலவும் உங்களுடையதே. அந்த ஓட்டைகள் இவ்விருவரும் வருவதற்கு முன்பே, கேபிளுக்கும் ஏசி குழாய்க்குமாக யாரோ இடித்தவை. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பு, இத்தகைய சுவர்களுக்குப் பட்டியல் வைத்து ஆண்டுதோறும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் கடமையை உரிமையாளரிடமே விடுகிறது. அது நியாயமான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், பார்த்திருக்க வேண்டியவர் யார் என்பது வேறு கேள்வி. ‘இரண்டு மணி நேரம்’ என்பது உலையில் வைத்துச் சோதித்த ஓர் அமைப்பின் தாங்குதிறன். நம் நாட்டில் அதற்கான சோதனைமுறை ஐ.எஸ். 3809 என்ற இந்தியத் தரநிலை. தளத்திலிருந்து மேல் கான்கிரீட் வரை இடைவெளியின்றி எழும்பாத சுவருக்கோ, துளைகள் அடைபடாத சுவருக்கோ அந்தப் பெயர் பொருந்தாது. பழைய வரைபடத்திலிருந்த குறிப்பை ‘நேரில் சரிபார்க்கப்படவில்லை’ என்ற ஒரு வரிகூடச் சேர்க்காமல் புதிய வரைபடத்தில் எழுதிய ஆர்க்கிடெக்ட், எழுதியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாலைந்து சீலிங் பலகைகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்க அரைநாள் போதும். அதற்கு நீங்கள் அனுமதி மறுத்திருந்தால் மட்டும் கதை வேறு. விலை கேட்ட நேரத்தில் சீலிங் மூடியிருந்ததால், ஒப்பந்ததாரர் முன்கூட்டியே கண்டிருக்க வழியில்லை. எனினும், கண்டவுடன் எழுத்தில் தெரிவிப்பதும், தாம் புதிதாகப் போடும் துளைகளைத் தம் செலவில் அடைப்பதும் அவர் கடமை.

அடைக்கும்போது கவனம் தேவை. கதவு, ஜன்னல் சட்டங்களைச் சுற்றி அடிக்கும் சாதாரண மஞ்சள் நுரை எரியக்கூடியது. அதைப் பிதுக்கிவிட்டு ‘முடிந்தது’ என்பார்கள், ஒப்பாதீர்கள். கேபிள் கட்டுகளுக்குச் சோதிக்கப்பட்ட தீயடைப்புப் பூச்சும், உருகி ஓட்டையாகிவிடும் பிளாஸ்டிக் குழாய்களுக்குச் சூட்டில் உப்பி அதை நெரித்து மூடும் பட்டையும் வேண்டும். எந்தப் பொருளை எந்தத் துளையில் வைத்தார்கள் என்று எண்ணிட்டுப் படம் எடுத்த பிறகே சீலிங்கை மூட விடுங்கள்.