லோரியின் ஏர் பாக்ஸை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டால் இழுவை கூடுமா?

பழைய ஆறு சிலிண்டர் டர்போ லோரியின் ஏர் பாக்ஸை (ஃபில்டர் இருக்கும் பெட்டி, ஏர் கிளீனர் என்றும் சொல்வோம்) கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கத்திலேயே கூம்பு ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினால் இழுவை கூடுமா, டீசல் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு வரி: "பட்டறையில் கேட்டால் வேண்டாம் என்கிறார்கள், அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது போல." அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பினாங்கின் பிறை ஊரில் லோரிப் பட்டறை வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவன். ஏன் சொல்கிறேன் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதில் இருந்து, மானிய விலை டீசலுக்கான சலுகை அட்டை கிடைக்காதவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நீங்களும் ஒரே லோரியை வைத்து, நீங்களே ஓட்டி, தவணையும் கட்டிக்கொண்டிருப்பவர் என்றே நினைக்கிறேன். அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

பெட்ரோல் கார் ஓட்டிய பழக்கத்தில் டீசல் லோரியைப் பார்க்கக் கூடாது. பெட்ரோல் இன்ஜினில் உங்கள் கால் காற்றை அடைக்கிறது, திறக்கிறது. பழைய டீசல் இன்ஜினில் காற்றுக்குக் கதவே கிடையாது. இழுக்க முடிந்ததை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும். சக்தியைத் தீர்மானிப்பது பம்ப் கொடுக்கும் டீசல். இன்ஜின் சரியாக இருந்தால் எரிந்த பிறகும் காற்று மிச்சம் இருக்கும். ஏற்கெனவே மிச்சம் இருக்கும் காற்றை இன்னும் கூட்டி என்ன கிடைக்கும்?

சரி, எவ்வளவுதான் கூடும் என்றும் பார்த்துவிடுவோம். மிட்சுபிஷியின் 6டி16 போன்ற 7.5 லிட்டர் இன்ஜின், நிமிடத்துக்கு 2,000 சுற்றில், காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவைக் கணக்கில் சேர்க்காமலே நிமிடத்துக்கு 7,500 லிட்டர் காற்றை இழுக்கும். ஃபில்டர் அந்த ஓட்டத்தைத் தடுப்பதைத் தண்ணீர் அங்குலத்தில் அளப்பார்கள், அதாவது இன்ஜின் உறிஞ்சும் இழுப்பு தண்ணீரை எத்தனை அங்குலம் தூக்குகிறது என்று. புது ஃபில்டரோடு நல்ல நிலையில் இருக்கும் லோரியில் 10 முதல் 15 அங்குலம் காட்டும். பெரும்பாலான டர்போ டீசல்களுக்கு 25 அங்குலம்தான் எல்லை, அதற்கு மேல் போனால் ஃபில்டரை மாற்ற வேண்டும். 10 அங்குலம் என்பது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் இரண்டரை விழுக்காடு. ஆக, ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும் அந்த இரண்டரை, மிஞ்சினால் நாலுதான் கிடைக்கும். இப்போது கூம்பு ஃபில்டரை இன்ஜின் பக்கத்தில் வைக்கிறீர்கள். அங்கே காற்று வெளியில் இருப்பதைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் அதன் அடர்த்தி ஆறு விழுக்காடு குறைந்துவிடும். இந்தப் பக்கம் மிஞ்சினால் நாலு வரவு, அந்தப் பக்கம் ஆறு செலவு. கேபினுக்குப் பின்னால் உயரத்தில் காற்றுக் குழாய் நிற்பதை அழகுக்காக வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

பம்பைக் கூட்டி, பெரிய டர்போ போட்டு, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மாற்றியவர்கள் இங்கே வந்து "எனக்கு வேலை செய்ததே" என்று எழுதுவார்கள். உண்மைதான். டீசலைக் கூட்டினால் காற்றும் கூட வேண்டும், அதற்கேற்ற பெரிய ஏர் கிளீனரும் வேண்டும். நான் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. பாரம் ஏற்றிப் பிழைக்கும், பம்பில் கை வைக்காத லோரியைப் பற்றிப் பேசுகிறேன்.

என் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். பிறையில் இருந்து ஈப்போவுக்குச் சரக்கு ஏற்றும் ஒரு அண்ணன், டர்போ வைத்த 6டி16 லோரியோடு வந்தார். சங்காட் ஜெரிங் தாண்டிப் புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் லோரி செத்துப்போகிறது, கறுப்புப் புகை, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள் என்றார். கையில் கூம்பு ஃபில்டர் பெட்டி. சாமான் கடையில் யாரோ, "ஏர் பாக்ஸ்தான் மூச்சை அடைக்கிறது, வெட்டி எறியுங்கள்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். "தம்பி, இதை மட்டும் மாட்டிக் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

ஃபில்டரைப் பார்த்தேன், புதிது. ஏர் கிளீனரில் இருக்கும் அடைப்புக் காட்டியில் சிவப்பு வரவில்லை. டீசலைத் தெளிக்கும் நாசில்களை அதற்கு முன்பே வேறு ஒரு பட்டறையில் சோதித்திருந்தார்கள். "அண்ணே, அளக்காமல் வெட்ட மாட்டேன், ஒரு ஏற்றம் உங்களோடு வருகிறேன்" என்றேன். அவருக்குக் கோபம்தான், ஆனாலும் சம்மதித்தார்.

அளக்கும் கருவிக்குப் பெரிய செலவில்லை. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அதே தெளிவான பிளாஸ்டிக் குழாய்தான். அதை ஐந்தடிப் பலகையில் யு போல வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் அங்குல நாடாவை ஒட்டினேன். ஒரு முனை திறந்திருக்கும். மறு முனை காற்றுக் குழாய்க்குப் போகும். இன்ஜின் இழுக்க இழுக்க ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், மறு பக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. பலகை குட்டையாக இருந்தால் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும், அதனால்தான் ஐந்தடி. ஐடிலில் வைத்து அளப்பது வீண். பாரத்தோடு ஏற்றத்தில், மிதி முழுதாக மிதித்திருக்கும்போதுதான் உண்மை தெரியும்.

முதலில் அடைப்புக் காட்டியைக் கழற்றி, ஏர் கிளீனர் வாயிலேயே குழாயைச் சொருகினேன். முழு மிதியிலும் 10 அங்குலம்கூட இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், "ஃபில்டர் நல்லாத்தானே இருக்கு, பிறகு என்ன?" என்றார். வண்டியை ஓரம் கட்டி, குழாயை எடுத்து டர்போ வாய்க்குப் பக்கத்தில் சொருகி, மறுபடி ஏறச் சொன்னேன். தண்ணீர் 40 அங்குலத்தையும் தாண்டியது.

ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் ஒரு கீறல் இல்லை. கழற்றி உள்ளே விரல் விட்டால், உள் அடுக்கு பிரிந்து தொங்குகிறது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். டர்போ பலமாக இழுக்கும்போது எழும்பி வந்து பாதையை அடைக்கும். அடைப்புக் காட்டி ஹோஸுக்கு முன்னால் இருப்பதால் அதற்கு எதுவும் தெரியாது. கூம்பு ஃபில்டரை அந்த ஹோஸ் முனையில் மாட்டியிருந்தாலும் அதே மூச்சுத் திணறல்தான், புகை ஒரு துளி குறைந்திருக்காது. புது ஹோஸும் நல்ல கிளிப்பும் போட்ட பிறகு டர்போ வாயில் 14 அங்குலம். புகை போனது. அதே பாரத்தோடு அந்த ஏற்றத்தை ஒரு கியர் மேலேயே ஏறினார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் பில் கொடுத்தபோது என்ன நடந்தது தெரியுமா? "ஒரு ரப்பர் ஹோஸுக்கு இவ்வளவா?" ஹோஸின் விலை பில்லில் சின்னதுதான். மீதி, அதைத் தேடிக் கண்டுபிடித்த வேலைக்கு. சாமானுக்குக் கேட்ட விலையைக் கொடுப்பார்கள், கண்டுபிடித்த மூளைக்குக் கொடுக்க மனம் வராது. கிளினிக்கில் டாக்டர் தொட்டுப் பார்த்ததற்குப் பேரம் பேசாதவர்கள், எண்ணெய்க் கறை படிந்த கையைப் பார்த்ததும் பேரம் பேசுகிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். என் தம்பி லோரி மெக்கானிக் என்றதும் "படிக்கவில்லையா?" என்று கேட்டார்கள். அவன் இன்ஜினைப் பிரித்து மாட்டுவதற்குப் படித்த படிப்பு யார் கண்ணிலும் படவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். உங்கள் அந்த ஒரு வரி இதையெல்லாம் கிளப்பிவிட்டது.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குவாரிப் பக்கம் ஓடுகிற லோரி என்றால் கூம்பு ஃபில்டரை நினைக்கவே நினைக்காதீர்கள். கல் தூசி வடிகட்டியைத் தாண்டிப் போனால் டர்போவின் இறக்கை முனை தேயும், பிறகு ரிங்கும் லைனரும் தேயும், இன்ஜின் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் தண்ணீர். 2017 நவம்பரில் பினாங்கு முழுக்க வெள்ளம் வந்ததே, அதற்குப் பிறகு என்னிடம் வந்த பிக்கப் ஒன்றில் காற்று வாயைப் பம்பருக்குப் பின்னால் தாழ இறக்கியிருந்தார்கள், குளிர்ந்த காற்று வேண்டுமாம். தண்ணீரைக் குடித்து கனெக்டிங் ராட் வளைந்திருந்தது. உயரமான காற்று வாயைத் தாழ்த்தாதீர்கள். தாழ்ந்திருந்தால் உயர்த்துங்கள், அது ஒன்றுதான் நான் மனதாரச் செய்து கொடுக்கும் மாற்றம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நல்ல ஃபில்டர் போடுங்கள். காற்று அடித்துச் சுத்தம் செய்வதென்றால் உள்ளிருந்து வெளியே, 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல். உள்ளே இருக்கும் சிறிய பாதுகாப்பு ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். டர்போவில் இருந்து இன்டர்கூலர் வழியாக மேனிஃபோல்ட் வரை எல்லா ஹோஸையும் கிளிப்பையும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குப் போகும்போது புகை அளப்பார்கள் அல்லவா, 50 எச்எஸ்யு (புகை அடர்த்தியின் அளவு) எல்லையை ஒட்டி வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பலகையைக் கட்டி, பாரத்தோடு ஒரு ஏற்றத்தில் இரண்டு இடத்திலும் அளந்து, அந்த அளவுகளையும் லோரி மாடலையும் கீழே எழுதுங்கள். டர்போ வாயில் 15-க்குள் இருந்தால் காற்றுப் பக்கத்தை விட்டுவிட்டு பம்ப், நாசில், வால்வ் இடைவெளி என்று பார்க்கலாம். 25-ஐத் தாண்டினால் எந்த ஹோஸ் என்று நான் சொல்கிறேன்.