குமிழி விடும் பாடம்

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் நான். வயது 42. சின்ன வயதில் ஒருமுறை ஆற்றில் முங்கியதிலிருந்து தண்ணீர் என்றாலே நடுக்கம். மகள் வற்புறுத்தியதால் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். மூன்று வாரமாக முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடத்தான் சொல்கிறார்கள். "ஆழத்தில் தள்ளிவிட்டால் ஒரே நாளில் வந்துவிடும்" என்கிறார் கணவர். வேறு பயிற்சியாளரைப் பார்க்கட்டுமா? இந்த வயதில் நீச்சல் உடை போடவும் கூச்சமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

வயதையும் உடையையும் விடுங்கள். முழுக்கை, முழுக்கால் மூடிய நீச்சல் உடை கிடைக்கிறது. குளத்தில் அவரவருக்கு அவரவர் மூக்குதான் கவலை.

உங்கள் கணவரை எனக்குத் தெரியும். அதாவது, அவரைப் போல ஒருவரை. என் சின்ன மாமா. கிந்தா பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் வெள்ளீயம் எடுத்துவிட்டுப் போட்ட குட்டை ஒன்று இருந்தது. எனக்கு 8 வயது. ரப்பர் பால் எடை போட்டு முடிந்த ஒரு மத்தியானம், "ஆம்பளப் புள்ளைக்கு என்னடா பயம்" என்று இடுப்பைப் பிடித்துத் தூக்கி வீசினார். அந்தக் குட்டைக்குச் சரிவே கிடையாது. கரையை விட்டால் காலுக்குத் தரை இல்லை. பச்சைத் தண்ணீர், பல்லில் நறநறத்த மணல், கரையில் கேட்ட சிரிப்பு. யாரோ இழுத்துப் போட்டார்கள். அன்று இரவு மாமா ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். பாசக்காரர்தான். ஆனால் அதற்கப்புறம் 30 வருஷம், தலைக்கு ஊற்றும்போதுகூட நான் கண்ணை மூடியதில்லை. தள்ளிவிட்டதில் பிழைக்காதவன் வந்து கதை சொல்வதில்லை அம்மா, அதைக் கணவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தக் குமிழியை ஏன் இவ்வளவு இளக்காரமாக எழுதுகிறீர்கள்? பாடமே அதுதான். பயந்தவர் முதலில் மூச்சை அடக்குவார். அடக்க அடக்க உடம்பில் கரியமிலவாயு ஏறும். நெஞ்சை முட்டுவது அதுதான். தலையைத் தூக்கியதும் பழைய மூச்சை விடவும் புதியதை இழுக்கவும் ஒரு நொடிகூட இருக்காது. திணறல் அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீருக்குள்ளேயே மூக்கு வழியாக விட்டுவிட்டால், மேலே வந்ததும் இழுக்கிற வேலை மட்டும்தான்.

38 வயதில் ஈப்போவில் ஒரு சீன அம்மாவிடம் சேர்ந்தேன். "தியூப், தியூப்" என்பார் மலாயில். ஊது, ஊது. வீட்டில் துணி அலசும் பேசினில் முகத்தை வைத்துப் பழகினேன். "மாடு கழனி குடிக்கிற மாதிரி இருக்கு" என்று மனைவி சிரித்தாள். இரண்டு மாதம் இதேதான். பிறகு சுவரைப் பிடித்து மிதப்பது. அதற்கும் பிறகு, மிதப்பிலிருந்து எழுந்து நிற்பது: முழங்காலை மார்புக்கு இழுத்து, கைகளைக் கீழே அழுத்தித் தலையைத் தூக்கினால் பாதம் தானாகத் தரையைத் தேடிப் போகும். நினைத்தபோது எழுந்து நிற்கலாம் என்று உடம்புக்குப் புரிந்த அன்று பயம் பாதி போயிற்று.

பயிற்சியாளரை மாற்ற வேண்டாம். கணவரை ஒருநாள் கூட்டிப் போய், இடுப்பளவுத் தண்ணீரில் முகம் வைத்துப் பத்துக் குமிழி விடச் சொல்லிப் பாருங்கள்.

நான் இன்றைக்கும் ஏணி வழியாகத்தான் இறங்குகிறேன்.