அவசர புத்தியும் தாம்பத்தியமும்: சுபாவம் என்று விட்டுவிடலாமா?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 34 வயது. கணவருக்கு 39, மதுரை டவுன்ஹால் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்தே அவசரக்காரர். போன மாதம் அவர் ஜிபேயைப் பார்த்தபோது, ஒரே பெண்ணின் பெயருக்கு ஐநூறும் ஆயிரமுமாக ஏழெட்டு மாதமாகப் பணம் போயிருந்தது. கேட்டதும் தொடர்பை ஒப்புக்கொண்டு அழுதார். "அவன் சுபாவமே அப்படித்தான், நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்கிறார் மாமியார். இது வியாதியா டாக்டர்? திருந்துவாரா?

பதில்: சுபாவத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, சகோதரி. அமெரிக்காவில் டேவிட் பஸ், டாட் ஷாக்கெல்ஃபோர்ட் என்ற உளவியலாளர்கள் புதிதாக மணமான 107 தம்பதிகளிடம் ஆய்வு செய்து 1997-இல் வெளியிட்டார்கள். துணையைத் தாண்டிப் போக வாய்ப்பு உண்டு என்று சொன்னவர்களிடம் தற்பெருமை அதிகமாகவும், பொறுப்புணர்வு குறைவாகவும் இருந்தது. யோசிக்காமல் இறங்கிவிடும் குணமும் சேர்ந்தே தெரிந்தது. ஆனால் அந்தக் குணம் உள்ள எல்லோரும் தவறுவதில்லை. எத்தனையோ அவசரக்காரர்கள் மனைவிக்கு உண்மையாகத்தான் வாழ்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஜிபே கணக்குதான். அவசர புத்தி சில நிமிட வேகம். ஏழெட்டு மாதம் பணம் அனுப்பி, உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது வேகத்தில் நடக்கிற காரியமல்ல. ஒவ்வொரு முறையும் அவர் யோசித்துத்தான் மறைத்திருக்கிறார். முதல் தடவைக்குச் சுபாவம் காரணமாக இருக்கலாம். மீதிக்கு அவரே பொறுப்பு. நீங்கள் எதிலும் குறை வைத்ததால் இது நடக்கவில்லை.

வியாதியா என்பதற்கு நான் முதலில் கேட்பது, "எப்போதிலிருந்து?" பல வருடம் நிதானமாக இருந்த மனிதர் திடீரென்று மாறினால் கட்டாயம் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பில்லாமல், ஓயாமல் பேசி, கடன் வாங்கிச் செலவழித்து, பாலுறவு நாட்டமும் கூடினால் அது மேனியா எனும் மன எழுச்சி நோயாக இருக்கலாம். நடுக்குவாதத்துக்கும் கால் குடைச்சலுக்கும் தரும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகளால் சிலருக்குச் சூதாட்ட வெறியும் காம வேகமும் வந்துவிடும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மாற்றுவார். தானாக நிறுத்தக் கூடாது. குடிப்பழக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன வயதிலிருந்தே கவனம் நிற்காமல், பொறுமையில்லாமல் இருந்தவரா என்பதையும் கேட்பேன். அந்தக் கவனக்குறைவுக் கோளாறுக்கு இந்த வயதிலும் சிகிச்சை உண்டு.

திருந்துவாரா? அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. அந்தத் தொடர்பை உங்களுக்குத் தெரியும்படி முறித்தாரா, நீங்கள் பத்தாவது முறை கேட்கும்போதும் எரிந்து விழாமல் பதில் சொல்கிறாரா, ஆலோசனைக்குத் தானே கிளம்பி வருகிறாரா என்று பாருங்கள். சேர்ந்து வாழ்வதா என்ற முடிவை இப்போதே எடுக்க வேண்டியதில்லை. மாமியார் எடுக்கவும் கூடாது. தூக்கம் கெட்டு, மனம் தாங்காமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். உங்கள் கணவர் அடித்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இருவரும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போய் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம், ரகசியம் காப்பார்கள். சிபிலிஸ் பரிசோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். தொற்று ஆரம்பத்தில் ரத்தத்தில் தெரியாமல் போகலாம் என்பதால், அவருடைய தொடர்பு முறிந்து மூன்று மாதம் ஆனதும் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம்.