அரிக்கும் பிரண்டை, பூசணம் பிடித்த எண்ணெய்: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி பிரண்டையைப் பற்றியவை. மழைக்குக் கிளுவை வேலிகள் தளிர்த்துவிட்டன போலும்.

பிரண்டைத் துவையல் ஒரு வாய் வைத்ததும் தொண்டையில் ஊசி குத்துவதுபோல் அரிக்கிறது. என் மாமியார் அரைத்தால் மட்டும் அரிப்பதில்லை. ஏன்? (திருமங்கலம்)

மாமியார் பொறுமையாக வதக்குகிறார், நீங்கள் அவசரப்படுகிறீர்கள். பிரண்டையில் கால்சியம் ஆக்ஸலேட் நுண்ணிய ஊசிகளாகவே இருக்கிறது, குத்துவது அதுதான். கொடியின் நுனியிலிருந்து மூன்று நான்கு கணு வரை மட்டும் ஒடியுங்கள், கீழே இருப்பது முற்றல். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுக்களை எறிந்துவிட்டு, ஓரங்களில் நாரை உரித்து, பொடியாக நறுக்கி அரை மணி நேரம் புளித்த மோரில் போட்டு வையுங்கள். பிறகு வடித்து, நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி வதக்க வேண்டும். பச்சை மாறிப் பழுப்பேறி, தண்டு பாதியாகச் சுருங்கும்வரை வாணலியை இறக்காதீர்கள். ஒரு கைப்பிடித் தண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி உளுந்து, நான்கு வற்றல், சிறு நெல்லிக்காய் அளவு புளி. புளியில் கஞ்சத்தனம் வேண்டாம். அரைத்ததும் நாக்கு நுனியில் தொட்டுப் பாருங்கள்; சுணைத்தால் இன்னும் கொஞ்சம் புளியோடு மறுபடி வதக்குங்கள். சிறுநீரகக் கல் இருப்பவர்கள் இதை அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சினேன். பத்தே நாளில் சிக்கு வாடை, மேலே பூசணம். (செல்லூர்)

இலைச்சாற்றின் தண்ணீர் முழுக்கச் சுண்டவில்லை. நானும் முதல் தடவை ஒரு லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெயை இப்படித்தான் சாக்கடையில் ஊற்றினேன். சிறு தீயில் காய்ச்சும்போது சடசடவென்ற சத்தம் அடங்குவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அடியில் தங்கும் வண்டலை எடுத்து, ஆறவிட்டு விரலில் உருட்டுங்கள். முதலில் சேறாக இருக்கும், பிறகு மெழுகாகத் திரளும், அதன்பின் மணலாக உதிரும். உதிரத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள், தாண்டினால் கருகும். இன்னும் சந்தேகமா? பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். வெடிக்காமல் எரிந்தால் தண்ணீர் இல்லை. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. கற்பூரவல்லிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுக்கலாமா? (திருநகர்)

கூடாது. ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். கற்பூரவல்லியை நீங்கள் பஜ்ஜி போட்டுச் சாப்பிடுங்கள்.

வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி மட்டும் போதும் என்கிறார்கள். (உசிலம்பட்டி)

முதலில் இரத்தப் பரிசோதனை. கிருமியால் வரும் சில காமாலைகள் ஓய்விலேயே தணிந்துவிடும். பெயர் என்னவோ கீழாநெல்லிக்குப் போய்ச் சேர்கிறது. பித்தப்பைக் கல் குழாயை அடைத்திருந்தால் எந்தச் சாறும் அதைத் தள்ளாது. பேச்சுக் குழறினாலோ, பகலிலும் தூங்கி வழிந்தாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

சர்க்கரைக்கு நித்தியகல்யாணிப் பூக் கஷாயம் நல்லதா? (மேலூர்)

வேண்டவே வேண்டாம். புற்றுநோய்க்கு ஊசியில் ஏற்றும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் இந்தச் செடியிலிருந்து வந்தவை. மருத்துவர்கள் இரத்த அணுக்களை எண்ணி எண்ணிக் கொடுக்கும் சரக்கைத் தம்ளரில் ஊற்றிக் குடிப்பதா? வாசலில் பூத்துக் கிடக்கட்டும்.

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் வாங்கிய கட்டு முடக்கத்தான்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (கே.கே. நகர்)

1999இல் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை அங்கேதான் தொடங்கியது. கீரை விற்பவர்கள் அனுபவசாலிகள். ஆனாலும் நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது. கட்டில் பெரும்பாலும் ஒரு காயாவது தொங்கும்: காற்றடைத்த பலூன்போல உப்பிய, மூன்று பட்டைக் காய். முற்றியதை விரலால் நசுக்கினால் பட்டென்று வெடிக்கும். உள்ளே மிளகு அளவு கறுப்பு விதை. அதில் வெள்ளையாக ஓர் இதய வடிவம். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஒரு கைப்பிடி இலையை அரைத்து இரண்டு கப் தோசை மாவில் கலக்குங்கள். வயிற்றை இளக்கும் கீரை என்பதால் முதல் நாள் ஒரு தோசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். விதையைத் தூக்கி எறியாமல் வேலியோரம் ஊன்றுங்கள்.