அம்மப்பாவின் முதலெழுத்து

அன்புள்ள ஐயா,

நான் ரொறன்ரோவில் வசிக்கிறேன். என் அம்மப்பா யாழ்ப்பாணத்தில் ஓர் ஆங்கிலப் பாடசாலையில் படித்தவர் என்பதற்கு மேல் அவருடைய இளமைக்காலம் பற்றி எங்கள் வீட்டில் எவருக்கும் எதுவும் தெரியாது. 1995 இடப்பெயர்வில் வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விட்டன. அண்மையில் அந்தப் பாடசாலையின் 1949ஆம் ஆண்டு மலரின் மின்பிரதி கிடைத்தது. அதிலுள்ள உதைபந்தாட்ட அணிப் படத்தின் கீழே அம்மப்பாவின் பெயர் இருக்கிறது. ஆனால் முன்னால் ஆங்கில எழுத்தான 'சி' நிற்கிறது. அவருடைய தகப்பனார் பெயர் கந்தையா. இது வேறு யாரோ என்கிறார் அம்மா. படத்தை இணைத்துள்ளேன். தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலெழுத்து பொருந்தவில்லை என்ற ஒன்றை வைத்து அவரை விலக்கிவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தார் தங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய பழைய முறையில் 'சி' என்ற எழுத்து இரண்டு வேலைகளைச் செய்தது. ஆனந்த குமாரசுவாமியின் பெயரில் அது ககரத்துக்காக நிற்கிறது, எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் பெயரில் சகரத்துக்காக நிற்கிறது. கந்தையாக்களும் கனகசபைகளும் அக்காலத்தில் 'சி' போட்டும் எழுதினார்கள், 'கே' போட்டும் எழுதினார்கள். ஆகவே தங்கள் படத்திலுள்ள எழுத்து கந்தையாவாக இருக்கலாம், செல்லையாவாகவும் இருக்கலாம்.

இதைத் தீர்க்க அதே மலருக்குள்ளேயே வழி உண்டு. அக்கால மலர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் பின்பக்கத்தில் ஒரு தமிழ்ப் பகுதி இருக்கும். கட்டுரை எழுதியவர், தமிழ்ச் சங்கச் செயலாளர், பேச்சுப் போட்டியில் பரிசு பெற்றவர் என்று எங்கேனும் அம்மப்பாவின் பெயர் தமிழில் வந்திருந்தால், முன்னால் 'க' இருக்கிறதா 'செ' இருக்கிறதா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். அந்த ஆண்டில் இல்லையென்றால் முன்பின் இரண்டு மூன்று ஆண்டு மலர்களைத் தேடுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பாடசாலை மலர்கள் ஏராளமாக வலையேற்றப்பட்டுள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிந்தபின், இத்தகைய மலர்களை வீட்டு அலுமாரிகளில் வைத்திருந்தவர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

குடும்பப் பெயர் வழங்கும் நாடுகளில் பாடசாலை மலர் ஒருவரின் குடும்பத்தையே காட்டிவிடும். நமக்கோ தகப்பனின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி நிற்கிறது. அதைக் குறை என்று நான் நினைப்பதில்லை, ஏனெனில் அந்த ஓர் எழுத்தில் இரண்டு தலைமுறைகள் அடங்கியிருக்கின்றன. பெண்கள் விடயத்தில் இது இன்னும் பெறுமதியானது. திருமணத்தின் பின் கணவரின் பெயருக்குள் மறைந்துவிட்ட பெண்ணின் முதலெழுத்து, பெண்கள் பாடசாலையின் மலரில் தகப்பனுடையதாகவே இருக்கும். தங்கள் அம்மம்மாவையும் அங்கே தேடலாம். இன்னும் பின்னோக்கிப் போனால் வேறு சிக்கல் வரும். 1823 முதல் 1855 வரை அமெரிக்க மிசனரிமார் நடத்திய வட்டுக்கோட்டை செமினறி என்ற உயர்கல்விக்கூடத்தில் படித்தவர்கள் பலருக்கு, கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்பதுபோல அமெரிக்கப் பெயர்கள் சூட்டப்பட்டன. அங்கே முன்னால் நிற்கும் எழுத்தைத் தகப்பன் என்று எண்ணினால் வழி தவறிவிடும்.

மலர் மட்டும் போதாது. பாடசாலையில் சேர்விடாப்பு, அதாவது மாணவர்களைச் சேர்க்கும்போது எழுதும் பதிவேடு, தப்பியிருந்தால் பிறந்த திகதி, பாதுகாவலர் பெயர், முன்பு படித்த பாடசாலை ஆகியவை அதில் இருக்கும். கந்தையா அவர்களின் அந்தியேட்டிக்கு, அதாவது இறந்த 31ஆம் நாள் கிரியைக்கு, கல்வெட்டு எனப்படும் நினைவு மலர் அச்சிட்டிருந்தால் அதில் மக்கள் மருமக்கள் பெயர்கள் வரிசையாக வந்திருக்கும். உறவினர் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். கல்வெட்டை எவரும் எளிதில் எறிவதில்லை.

முகத்தை நம்புவது பற்றி ஒரு சொல். என் தகப்பனார் படித்த பாடசாலையின் மலர் ஒன்றில் துடுப்பாட்ட அணிப் படத்தைக் கண்டு, 'நிற்பவர்கள், இடமிருந்து வலமாக' என்ற வரியில் அவர் பெயர் நான்காவதாக இருந்ததால், நான்காவது முகத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மேசையில் வைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகளின் பின் வீட்டுக்கு வந்த மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இவன் தம்பி இல்லையடா, தம்பிக்குக் காது இப்பிடி விரிஞ்சு நிக்காது" என்றார். பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். பெயர்கள் பதினான்கு, தலைகள் பதின்மூன்று. படம் பிடித்த அன்று அப்பா வரவில்லை. வராதவரின் பெயரையும் வரிசையிலேயே அச்சிட்டுவிட்டார்கள். அந்த இன்னொருவர் யார் என்பதை வரிசையை ஓரிடம் நகர்த்திக் கண்டுபிடித்தேன். அவர் படம் இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை.

தாங்கள் அனுப்பிய படத்தையும் எண்ணினேன். பெயர்கள் பதின்மூன்று; பயிற்றுநரையும் அதிபரையும் சேர்த்துத் தலைகளும் பதின்மூன்று.